வேலி தாண்டிய பரங்கிக்கொடி

ஒரு பரங்கிக்காய் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி அறநூல்கள் ஆராய்வதற்குரிய கேள்வியாகப் பலருக்குத் தோன்றாது. கடைத்தெருவில் பத்தை பத்தையாக அறுத்து விற்கப்படும் காய் அது. விலை மலிந்தது, விருந்தினர் வந்தால் இலையில் முதலிடம் பெறாதது. எனினும் கடந்த சில ஆண்டுகளாக இந்தக் கேள்வியை என்னால் கைவிட இயலவில்லை. கைவிட்டதாக நினைத்த நாள்களிலும், கொல்லைப்புறத்துக் கிளுவை வேலியைப் பார்க்கும்போதெல்லாம் அது மீண்டும் எழுந்து வருகிறது.

2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வழியாகக் கடலூர், அரியலூர் மாவட்டங்களில் கொரோனாத் தொற்று வேகமாகப் பரவியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த இரு மாவட்டங்களுக்கும் இடையே ஓடும் வெள்ளாற்றை அடுத்திருக்கிறது எங்கள் பெண்ணாடம். காய்கறி வாங்கவே அஞ்சிய நாள்கள் அவை. வாங்கியதை மஞ்சள் நீரில் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவந்தோம். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஓராண்டாகியிருந்த எனக்குக் கையில் நேரமும் மனத்தில் அச்சமும் நிரம்பியிருந்தன. ஆகவே நானும் பலரைப்போல் தோட்டக்காரன் ஆனேன்.

அவ்வாண்டு ஆடிப் பதினெட்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஞாயிறுதோறும் முழு ஊரடங்கு. வெள்ளாற்றங்கரையில் கூட்டம் இல்லை. நாங்களும் திருப்பலியைத் தொலைக்காட்சியில்தான் கண்டோம். அன்று மாலை கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவிய நீர் பாயும் ஓரத்தில், ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய சாணம் நிரப்பி, 5 விதைகளை ஊன்றினேன். கடைத்தெருவில் வாங்கிய ஒரு பத்தையிலிருந்து வழித்தெடுத்து, சாம்பலில் புரட்டி, பழைய விருத்தாசலம் பீங்கான் ஜாடி ஒன்றில் என் மனைவி போட்டு வைத்திருந்த விதைகள் அவை. முளைத்தவற்றுள் 2 நாற்றுகளை மட்டும் விட்டுவைத்தேன்.

மேனாடுகளில் பரங்கியை வசந்தத்தில் விதைத்து இலையுதிர் காலத்தில் அறுக்கிறார்கள். அக்டோபர் இறுதியில், அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்திய இரவில், காயைக் குடைந்து உள்ளே விளக்கேற்றும் வழக்கத்தை இன்று நம் நகரத்துப் பிள்ளைகளும் அறிவர். உணவாகும் பொருளைப் பொம்மையாக்குவது எனக்கு உவப்பானதன்று. ஆயுத பூசைக்குச் சாம்பல் பூசணியைச் சாலையில் உடைத்து, வண்டியில் வருபவர் வழுக்கி விழ விட்டுவைக்கும் வழக்கத்தைக் கைவிட இயலாத நாம் பிறரைக் குறை கூறுவதற்கும் இல்லை. நம் மண்ணுக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. ஆடிப்பட்டத்தில் ஊன்றினால் தை பிறக்கும்போது காய் கைக்கு வரும்; நம் அறுவடைக் காலம் அதுவே. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 என்னும் பெருங்காய் ரகத்துக்கு ஏறத்தாழ 175 நாள். கோ 2 என்னும் சிறுகாய் ரகத்துக்கு ஏறத்தாழ 135 நாள். எங்கள் ஜாடியில் இருந்தது எந்த ரகம் என்று அறியோம். எவர் நிலத்தில் விளைந்த காயின் விதை என்பதும் தெரியாது.

பரங்கிக்கொடியின் இயல்பை ஓரளவு விளக்கியாக வேண்டும். ஏனெனில் வழக்கே அதிலிருந்துதான் பிறக்கிறது. அது வேலியை மதிக்காத கொடி. சுருள் தந்திகளால் எதையும் பற்றிக்கொண்டு ஒரே வாரத்தில் ஆள் உயரம் ஓடிவிடும். அது மட்டுமன்று, தரையைத் தொடும் கணுக்களிலெல்லாம் புதிதாக வேர் விடும். ஆகவே வேலி தாண்டிச் சென்ற கொடி, தாய்க்குழியின் நீரை மட்டும் நம்பி வாழ்வதில்லை. அங்குள்ள மண்ணிலும் வேரூன்றி, அங்குள்ள நீரையும் குடிக்கத் தொடங்குகிறது. செப்டம்பர் முடிவதற்குள் என் கொடி கிளுவை வேலியின் இடுக்கில் நுழைந்து, அடுத்த வீட்டு முற்றத்தில் இரண்டு இடங்களில் வேர் பிடித்து, கரும்புத் தோகை வேய்ந்த அவர்கள் கூரையின்மேல் ஏறிவிட்டது.

அந்த வீட்டில் எழுபது வயதை நெருங்கும் மூதாட்டி ஒருவர் தம் பேத்தியுடன் வாழ்கிறார். நான் அவரை ‘அக்கா’ என்பேன். அவர் என்னைச் ‘சார்’ என்பார். வாழ்நாள் முழுவதும் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர். கொடி கூரை ஏறியதும் ஒரு மரியாதைக்காக, “இடைஞ்சலா இருந்தா சொல்லுங்கக்கா, வெட்டிவிட்டுடறேன்” என்றேன். “பச்சையா இருக்குது, கெடக்கட்டும் சார்” என்றார். எங்கள் ஒப்பந்தம் அவ்வளவே.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் ஆண் பூக்களே வரும். பிறகு வரும் பெண் பூவின் அடியில் சிறு காய்போல ஓர் உருண்டை இருக்கும். விடியும்போது மலர்ந்து, வெயில் ஏறியதும் குவிந்துவிடும் அந்தப் பூவுக்கு வாழ்வு அந்த ஒரு காலைதான். அதற்குள் தேனீயோ வண்டோ ஆண் பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இல்லையேல் அந்த உருண்டை மஞ்சளாகி, சில நாள்களில் உதிர்ந்துவிடும். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 28-இல் தொடங்கியது. மழைக்காலக் காலைகளில் தேனீ வருவதில்லை. என் பக்கத்தில் பிஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. நின்ற இரண்டில் ஒன்றைப் பழ ஈ துளைத்து அழுகச் செய்தது. மற்றொன்று தேங்காய் அளவுக்குமேல் பெருக்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக் கூரையில், இறவாணத்தை ஒட்டி, ஒரு காய் மட்டும் பருத்துக்கொண்டே வந்தது. நவம்பர் 25-ஆம் நாள் இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அது விழுந்துவிட்டிருக்கும் என்றே எண்ணினேன். மறுநாள் காலையில் பார்த்தால், பழைய சேலைத் துணியால் உறிபோல் தாங்கிக் கட்டப்பட்டு அப்படியே இருந்தது. அவர் கட்டியிருக்கிறார் என்பது புரிந்தது. நல்ல மனம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

2021 பொங்கலுக்கு முந்திய நாள், காம்பு காய்ந்து, தோல் மங்கி முற்றியிருந்த அந்தக் காயை ஏணி வைத்து ஏறி, காம்போடு அறுத்து இறக்கினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். எடை 7 கிலோவுக்குச் சற்று மேல். பொங்கல் திருப்பலியில் கரும்பு, மஞ்சள்கொத்து இவற்றோடு என் பரங்கிக்காயும் பீடத்தின்முன் வைக்கப்பட்டது. கூட்டாக உண்பதற்குக் கட்டுப்பாடு இருந்த நாள்கள் ஆதலால், அவரவர் கொண்டுவந்ததை அவரவர் எடுத்துச் சென்று பகிர்ந்துகொள்ளச் சொன்னார் பங்குத்தந்தை. முழுக்காயாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாத பரங்கி, ஒருமுறை அரிவாள் பட்டுவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது. இருவர் மட்டும் வாழும் வீட்டில் 7 கிலோவை என்ன செய்வது? பன்னிரண்டு பத்தைகளாக அறுத்துத் தெருவெங்கும் கொடுத்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒரு பத்தையை, நடுப்பகுதியாகப் பார்த்து, வேலிக்கு அப்பால் நீட்டினேன். அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அப்போது அருகில் நின்ற சிறுமி என்னைப் பார்த்துச் சொன்னாள்: “தாத்தா, அது எங்க ஆயா பூ வச்சுப் பிடிச்ச காயி.”

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. இளவயதில் அவர் வீரிய ஒட்டுப் பருத்தி விதைத் தோட்டங்களில், பூவோடு பூச் சேர்க்கும் கூலி வேலைக்குப் போனவர். அந்த வேலை தெரிந்தவருக்குப் பரங்கிப்பூ ஒரு பொருட்டன்று. மழை பெய்த காலைகளில், நான் போர்வைக்குள் இருந்த நேரத்தில், என் வேலியோரத்து ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, கூரையோரத்துப் பெண் பூவில் தடவிவிட்டிருக்கிறார். ஒன்பது பூக்களுக்குச் செய்ததில் ஒன்று நின்றதாம். இலைகளைத் தின்னும் சிவப்பு வண்டுக்கு அடுப்புச் சாம்பல் தூவியதும், காயை ஈ துளைக்காதபடி வைக்கோல் சுற்றியதும் அவரே. “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? மழைக்கு வண்டு வரல, வச்சேன். கொடி உங்களதாச்சே” என்றார்.

அந்தக் காய் யாருடையது?

உலகின் சட்டங்கள் இதைப் பொருட்படுத்தாமல் விடவில்லை. கிறிஸ்துவுக்கு முன் 450-ஆம் ஆண்டளவில் எழுந்த உரோமையரின் பன்னிரு பலகைச் சட்டம், தன் மரத்திலிருந்து அடுத்தவர் நிலத்தில் விழுந்த காயைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமையை மரத்துக்குரியவனுக்கு அளித்தது. 1900-இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானிய உரிமையியல் சட்டத் தொகுப்போ நேர்மாறாக, அடுத்தவர் நிலத்தில் விழுந்த கனி அந்த நிலத்தின் கனியாகவே கருதப்படும் என்கிறது. ஒன்று வேரைப் பார்க்கிறது. மற்றொன்று விழுந்த இடத்தைப் பார்க்கிறது. கணுவுக்குக் கணு வேர்விட்டு, இரண்டு நிலங்களிலும் கால் ஊன்றிய கொடியை இரண்டு சட்டங்களும் நினைத்துப் பார்க்கவில்லை. இணைச்சட்ட நூல் இவற்றினும் நுட்பமானது: அடுத்தவன் திராட்சைத் தோட்டத்துக்குள் செல்பவன் ஆசைதீர உண்ணலாம், கூடையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது அது. பசிக்கு வேலி இல்லை, சேமிப்புக்கு உண்டு. ஆயினும் அங்கே தோட்டம் யாருடையது என்பதில் ஐயமில்லை. என் சிக்கலோ அதற்கும் முந்தியது.

1689-இல் வெளியான ஆட்சியியல் நூலில் ஆங்கில அறிஞர் ஜான் லாக் ஒரு விடை தந்தார். பொதுவில் கிடக்கும் பொருளோடு தன் உழைப்பைக் கலப்பவன் அதற்கு உரியவன் ஆகிறான். ஆனால் கெட்டுப்போவதற்குள் பயன்படுத்தக்கூடிய அளவுக்கே அவன் உரியவன். பரங்கிக்காயை அறுத்தவர்கள் இந்தப் பின்பகுதியை எளிதில் புரிந்துகொள்வர். முன்பகுதியின்படி பார்த்தால், குழி எடுத்தது என் உழைப்பு, நீர் ஊற்றியது என் உழைப்பு. பூச் சேர்த்தது, சாம்பல் தூவியது, புயலில் தாங்கியது அவர் உழைப்பு. இவற்றை எந்தத் தராசில் இட்டு நிறுப்பது? நான் ஊற்றிய குடங்கள் எத்தனை இருந்தாலும், அந்த ஒரு காலை நேரத்து விரல் இல்லையேல் காய் இல்லை. அவர் விரல் இருந்தும், என் குழி இல்லையேல் பூவே இல்லை.

இந்தக் கணக்கில் தோற்ற மனம் வேறொரு பக்கம் திரும்பியது. விதை முதலில் என்னுடையதா? பரங்கியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அதன் இனத்தைப் பயிரிட்டிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக அது நம் நாட்டுக்கு வந்தது. அவர்களை நம் முன்னோர் ‘பரங்கியர்’ என்றனர். அந்தப் பெயர் காய்க்கும் ஒட்டிக்கொண்டது. கொங்குநாட்டில் ‘அரசாணிக்காய்’ என்பார்கள். நம் பக்கத்தில் இன்றும் பரங்கிதான். எங்கள் ஊரைக் கடந்து செல்லும் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்கும் பரங்கிப்பேட்டை என்றே பெயர். இந்தச் சொல் நம் திருச்சபையின் வரலாற்றிலும் உறுத்தலாக இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, திருமறை ‘பரங்கியர் மார்க்கம்’ என்று ஒதுக்கப்படுவதைக் கண்டு, தாம் பரங்கி அல்லர் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. காய்க்கு அந்தத் தொல்லை நேரவில்லை. பெயர் பரங்கியாகவே இருக்க, அதன் பூ மார்கழிக் கோலத்தில் சாணப் பிள்ளையாரின் தலையில் ஏறியது. அதன் காய் மொச்சையோடு பொங்கல் குழம்பில் சேர்ந்தது. யாரும் அதை அந்நியம் என்பதில்லை. இப்படிக் கடல் கடந்து, பல்லாயிரம் கைகள் மாறி வந்த ஒரு விதையை ஜாடியிலிருந்து எடுத்ததற்காக ‘என் காய்’ என்று நான் சொல்லிக்கொள்வது சரியா?

இந்த இடத்தில் யோனாவும் வந்து சேர்ந்தார். நினிவே நகருக்கு வெளியே வெயிலில் அமர்ந்திருந்த அவருக்கு நிழலாக இறைவன் ஒரு செடியை வளரச் செய்ததும், மறுநாள் புழு அரித்து அது வாடியதும், யோனா சினந்ததும், நட்டு வளர்க்காத செடிக்காக வருந்துகிறாயே என்று இறைவன் கேட்டதும் நாம் அறிந்தவை. அது என்ன செடி என்பதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு அதைச் சுரைக்கொடி என்றது. புனித எரோணிமுஸ் எபிரேயத்திலிருந்து மொழிபெயர்க்கையில், சரியான இலத்தீன் சொல் இல்லை என்று கருதி, ‘ஐவி’ என்னும் படர்கொடியின் பெயரை இட்டார். இன்றைய லிபியாவின் திரிப்போலி நகரில் ஆயர் ஒருவர் இதை வாசித்தபோது மக்கள் கொதித்தெழுந்ததாக 403-ஆம் ஆண்டளவில் புனித அகுஸ்தினார் எரோணிமுசுக்கே எழுதினார். நம் தமிழ் விவிலியத்தில் அது ஆமணக்கு. அந்தப் பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பின் ‘குக்குர்பித்தா’ என்னும் சொல்தான் இன்று தாவரவியலில் பரங்கியினத்தின் பெயர். ஆகவே யோனாவின் கொடிக்கும் என் கொடிக்கும் பெயரளவிலாவது உறவு இருக்கிறது என்று எண்ணி மகிழ்ந்தேன். ஒரு செடியின் பெயருக்காகக் கலகம் செய்த அந்த மக்கள்மீது எனக்கு அன்பும் உண்டு. இன்று வாசகத்தில் எதை மாற்றினாலும் நம்மில் பலர் கவனிப்பதில்லை.

போதாததற்கு, நான் வாழ்வது பெண்ணாடம். சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் பிறந்த ஊர் இது என்பது மரபு. ‘யான்’, ‘எனது’ என்று உயிர் தன்னை முன்னிறுத்திக்கொள்ளும் மயக்கத்தை ஆணவம் என்று சொல்லி, அதை உயிரைப் பற்றிய இருளாகவே விளக்கியது அவர் வழிவந்த சைவ சித்தாந்தம். தூங்கானை மாடக் கோயிலின் கோபுரம் தெரியும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு காயை ‘எனது’ என்று வாதாடுவது வெட்கம் அல்லவா? விதை எனதன்று, மழை எனதன்று, தேனீ எனதன்று. எல்லாம் இறைவனுடையது, நான் வெறும் கருவி. இவ்வாறு எண்ணி முடித்தபோது மனம் இலேசாகிவிட்டது. சில நாள் அந்த இலேசான மனத்தோடு நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியே பிறகு ஐயத்தைக் கிளப்பியது. ‘எல்லாம் இறைவனுடையது’ என்று சொன்ன நேரத்தில் அரிவாள் யார் கையில் இருந்தது? பன்னிரண்டாக அறுத்தவன் நான். யாருக்கு எந்தப் பத்தை என்று முடிவு செய்தவன் நான். பாராட்டைப் பெற்றவனும் நான். எதுவும் என்னுடையதன்று என்று நான் பணிவோடு கூறும்போது, கூடவே எதுவும் அவருடையதும் அன்று என்று ஆகிவிடுகிறது. மழையில் நனைந்தபடி ஒன்பது பூக்களைத் தேடிச் சென்ற அந்த விரல்களின் உழைப்பு, என் பணிவான தத்துவத்தில் கரைந்து காணாமல் போகிறது. உடைமை உள்ளவன் பேசும்போது மட்டும் மிக உயர்வாக ஒலிக்கும் தத்துவங்கள் உண்டு. இது அவற்றுள் ஒன்று என்று தோன்றியது. யோனாவை நோக்கிய கேள்வியையும் நான் தவறாகவே படித்திருந்தேன். நீ உழைக்கவில்லை என்று சொல்லி யோனாவின் வாயை அடைப்பதற்காக எழுந்த கேள்வி அன்று அது. செடிக்காக வருந்துபவனே, அந்த நகரத்தில் உள்ள மனிதர் உன் கண்ணில் படவில்லையா என்பதே அதன் முடிவு.

விவிலியத்தில் காய்கறித் தோட்டத்துக்காக ஒரு கொலையே நடந்திருக்கிறது. ஆகாபு அரசன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது, தன் அரண்மனையை ஒட்டிக் காய்கறி போடுவதற்காகத்தான். அதைவிட நல்ல தோட்டமோ, பணமோ தருவதாகவும் சொன்னான். சந்தை முறையில் அதில் குற்றம் காண இயலாது. நாபோத்து மறுத்தான். பிறகு நடந்தவை அரசர் முதல் நூலில் உள்ளன. மிலான் நகர் ஆயர் புனித அம்புரோசியார் 4-ஆம் நூற்றாண்டில் இந்த நாபோத்தைப் பற்றித் தனி நூலே இயற்றினார். ஏழைக்குக் கொடுக்கிறவன் தன் பொருளைக் கொடுப்பதில்லை, அவனுக்குரியதைத் திருப்பித் தருகிறான் என்னும் கருத்து அதில் உள்ளது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில் அதை எடுத்தாண்டார். பல ஆண்டுகளாக இந்தக் கருத்தைக் கேட்டிருக்கிறேன். மறைக்கல்வி வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். பெரும் நிலக்கிழார்களுக்கும் முதலாளிகளுக்கும் உரியதாகவே அதைக் கருதிவந்தேன். ஒரு பரங்கிப் பத்தையை வேலிக்குமேல் நீட்டும் கைக்கு அது பொருந்தும் என்று எண்ணியதில்லை.

கொடுப்பதற்கும் திருப்பித் தருவதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. அதே கை, அதே பத்தை, அதே புன்னகை. வேறுபாடு முழுவதும் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. அவர் விடியலில் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆகவே நான் ஈகை செய்தேன். தெரிந்திருந்தால் பங்கிட்டிருப்பேன். தெரியாமல் செய்ததுதானே என்று மனைவி ஆறுதல் சொன்னாள். ஆனால் தெரியாமல் இருந்தது எப்படி? சேலைத் துணியால் கட்டிய உறியை நான் பார்த்தேன். வைக்கோலைப் பார்த்தேன். நல்ல மனம் என்று ஒரு சொல்லில் அதை மூடிவிட்டேன். எளியவர் செய்யும் வேலைக்கு நாம் எத்தனையோ முறை ‘நல்ல மனம்’ என்று பெயரிட்டிருக்கிறோம். வேலை என்று ஒப்புக்கொண்டால் அதற்குக் கணக்கு வந்துவிடும் அல்லவா?

இதைவிடக் கடினமான பகுதி ஒன்று உண்டு. அவரே அந்தக் காயை என்னுடையது என்றுதான் கருதினார். ‘கொடி உங்களதாச்சே’ என்றதில் வஞ்சகமோ வருத்தமோ இல்லை. இரு தரப்பும் மனமொப்பிய ஒன்றில் அநீதி எங்கே இருக்கிறது என்று சட்டம் கற்ற நண்பர் ஒருவர் கேட்டார். என்னால் உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் பிறர் வயலில் பூச் சேர்த்து, விளைந்ததெல்லாம் பிறருடையது என்றே பழகிய ஒருவர், தம் விரலால் உருவான காயையும் பிறருடையது என்று எண்ணுவதை மனமொப்புதல் என்று கொள்ளலாமா? ஒருவர் கேட்காததனால் அவருக்கு உரிமை இல்லாமல் போய்விடாது என்றுதான் நினைக்கிறேன். நண்பர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டே மாசி மாதத்தில் ஒரு நாள், வேலியோரம் நின்று, இனி விளைவதில் பாதி உங்களுக்கு என்று அவரிடம் சொன்னேன். பல நாள் எண்ணி, நீதியென்று முடிவு செய்து சொன்ன சொல் அது. அவர் சிரித்துவிட்டார். “பாதின்னு கணக்குப் போட்டா சண்ட வரும் சார். நீங்க தண்ணி ஊத்துங்க, நான் பூவப் பாத்துக்கறேன். காய்ச்சதுக்கப்புறம் பேசிக்கலாம்” என்றார். நான் கொடுத்த நடுப்பத்தையின் விதைகளை அவர் கழுவிக் காயவைத்திருந்தார் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அடுத்த ஆடியில் இரண்டு பக்கமும் குழி எடுத்தோம். எந்தக் கொடி எவருடையது என்று இப்போது கொடிகளுக்கே தெரியாது.

சென்ற ஆண்டு அவர்களுக்கு அரசுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. தோகைக் கூரை போய்த் தளம் வந்துவிட்டது. வெயில் காய்ந்த தளத்தில் பிஞ்சு வெந்துவிடும் என்பதால், அதன்மேல் கரும்புத் தோகையைப் பரப்பிக் கொடியை ஏற்றிவிட்டிருக்கிறார். கூரையில் காய்த்ததை என் கொல்லையில் நின்றே பார்த்தேன். தளத்தில் காய்ப்பது இங்கிருந்து தெரிவதில்லை. ஏணியும் எட்டாது. மேலே போகும் படிக்கட்டு அவர்கள் வாசல் பக்கம் இருக்கிறது. காலையில் தெருவைச் சுற்றிப் போய், “அக்கா, பூ எத்தன நின்னிருக்கு?” என்று வாசலில் நின்று கேட்கிறேன். “மேல போயி பாருங்க சார், செருப்ப அங்க விட்டுட்டுப் போங்க” என்கிறார்.